குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர் யார்?

தமிழ்ச் சரித்திரக் கதைகளில் வரும் குதிரைகள் விசித்திரமான பிராணிகள். அவை கனைக்கும், பிடரி சிலிர்க்கும், நாயகனின் மனதறிந்து பாயும். ஆனால் புல் தின்பதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை. குளம்பு தேய்வதுமில்லை. நாயகன் இறங்கியதும் எங்கோ மறைந்துவிட்டு, அவன் வெளியே வரும்போது சேணத்தோடு தயாராக நிற்கும். இடையில் அதைப் பிடித்தவன் யார், உடம்பு தேய்த்தவன் யார் என்று கேட்டால் பிரதியில் பதில் இராது.

இதை எழுதத் தூண்டியது, அபிப்பிராயம் கேட்டு என்னிடம் அனுப்பப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதி. எழுதியவர் நம்மவர், வயதில் மிக இளையவர், நல்ல மொழி கைவந்தவர். எனவே பெயர் சொல்லவில்லை. மாலிக் காபூரின் 1311ஆம் ஆண்டுத் தென்னாட்டுப் படையெடுப்பே அவருடைய கதைக்களம். தமிழ்ப் புனைகதைகளில் முஸ்லிம் படை என்றாலே புழுதிப்படலமும் தீயும் கூக்குரலுமாகச் சித்திரிக்கப்படுவதற்கு மறுப்பாக இதை எழுதியதாக முன்னுரையில் சொல்லியிருந்தார். நியாயமான ஆதங்கம். ஆனால் அவருடைய கதையில் பத்தாயிரம் குதிரைகள் தேவகிரியிலிருந்து புறப்பட்டு ‘ஏழு பகல் ஏழு இரவு’ ஓடி மதுரையை அடைகின்றன. இன்றைய வீதிக் கணக்கிலேயே அந்தத் தூரம் 1,200 கிலோ மீற்றருக்குக் குறையாது. நாளொன்றுக்கு 170 கிலோ மீற்றர்! முதல் நாள் மாலையிலேயே பாதிக் குதிரைகள் விழுந்திருக்கும்.

இது சிறிய பிழைதானே, கதைதானே என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த இளைஞர் மறுக்க நினைத்த சித்திரத்தையே அவருடைய ஏழு நாள் மீண்டும் வரைந்துவிடுகிறது. தின்னாமல் குடிக்காமல் ஒரு வாரத்தில் வந்து விழும் படை மனிதர்களின் படையாக இராது. அது இடியும் மின்னலும் போன்ற ஓர் அனர்த்தம். நம்மை அனர்த்தமாக எழுதியவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். இவர் அதே அனர்த்தத்துக்கு வாழ்த்துப் பாடியிருக்கிறார். வேறுபாடு அவ்வளவே.

நடந்தது என்ன? அமீர் குஸ்ரோவின் ‘கஸாஇனுல் ஃபுதூஹ்’ இப்படையெடுப்பை நாள் வாரியாகச் சொல்கிறது. 1310 நவம்பரில் டெல்லியை விட்டுப் புறப்பட்ட படை 1311 பெப்ரவரியில் தேவகிரியைச் சேர்ந்தது, அம்மாத இறுதியில் துவாரசமுத்திரம், மார்ச்சில் அங்கிருந்து மஃபர் நோக்கி, ஏப்ரலில் மதுரை. திரும்பி டெல்லி சேர்ந்தபோது ஒக்டோபர் ஆகிவிட்டது. போகும்போது ஐந்து மாதம், வரும்போது ஏறத்தாழ ஆறு மாதம். தங்கிய நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் நாளொன்றுக்குச் சராசரி 20 கிலோ மீற்றர் அளவுதான். தமிழ்நாட்டுக்குள் மழை பிடித்துக்கொண்டதால் வீரபாண்டியனைத் துரத்துவது தடைப்பட்டது என்றும் குஸ்ரோ எழுதுகிறார். ஏழு நாள் பாய்ச்சலைவிட, மழையில் சேறாகிப்போன பாதையில் திசை தெரியாமல் நிற்கும் டெல்லிக் குதிரைக்காரன் எவ்வளவு நல்ல பாத்திரம்!

படையைச் சுற்றியிருந்த ஏற்பாடுகளைப் பற்றி ஸியாவுத்தீன் பரணி தரும் செய்திகளும் கதாசிரியனுக்குப் புதையல். அலாவுத்தீன் கில்ஜி குதிரைகளுக்குச் சூட்டுக்குறி இட்டான். சிப்பாய் நல்ல குதிரையைக் காட்டிச் சம்பளம் வாங்கிக்கொண்டு போருக்கு மட்டக்குதிரையில் வரக்கூடாது என்பதற்காக. இரண்டாவது குதிரை வைத்திருப்பவனுக்கு மேலதிகமாக 78 தங்கா. படை போகும் வழியெல்லாம் அஞ்சல் சாவடிகள் அமைத்து, சாவடிதோறும் குதிரை நிறுத்தி, நாள்தோறும் செய்தி வாங்கினான். வாரங்கல் முற்றுகையின்போது அச்சாவடிகள் துண்டிக்கப்பட்டு நாற்பது நாட்களுக்கு மேல் டெல்லிக்குச் சேதி வரவில்லை. உலகையே வெல்லப் புறப்பட்ட அந்தச் சுல்தான் கலங்கிப்போய், ஷெய்கு நிஸாமுத்தீன் அவுலியாவிடம் ஆளனுப்பிக் கேட்டான் என்கிறார் பரணி. காட்டு வழியில் நாலைந்து சாவடிக் குதிரைகள் இல்லாமற்போனதால் ஓர் அரண்மனையே உறக்கமிழந்த கதை இது. இதை எழுத நமக்கு ஒரு வாள்வீச்சும் வேண்டியதில்லை.

நான் பள்ளியில் கணக்கும் சொல்லிக்கொடுப்பவன். எனவே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். வெயிலில் வேலை செய்யும் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லீற்றர் தண்ணீர் வேண்டும். பத்து லீற்றர் கொள்ளும் வாளி என்றால் நான்கு வாளி. ஆயிரம் குதிரைக்கு நாலாயிரம் வாளி. நம் யாழ்ப்பாணத்துத் துலாக் கிணறொன்றில் அரை நிமிடத்துக்கு ஒரு வாளி என்று ஓயாமல் இறைத்தாலும் மணிக்கு 120 வாளி, முப்பது குதிரை. ஆயிரம் குதிரைக்கு ஒரு கிணற்றில் முப்பத்துமூன்று மணித்தியாலம் இறைக்க வேண்டும். பத்துக் கிணறுகள் ஒரே ஊரில் இருந்தாலும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். அதுவும் ஆறில்லாத, சுண்ணக்கல்லின் மேல் படுத்திருக்கும் இக்குடாநாட்டில் கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் என்னவாகும் என்பது இங்குள்ள தோட்டக்காரர் எவருக்கும் தெரியும். நீர் உவராகிவிடும். ஆக ஆயிரம் குதிரை ஒரு கிராமத்தில் இரண்டு நாள் தங்கிப்போனால், வாள் எடுக்காமலே அவ்வூரின் வெங்காயமும் புகையிலையும் கருகிப்போகலாம்.

தீனி இன்னொரு பக்கம். ஒரு குதிரைக்கு மூன்று கிலோ கொள்ளும் ஆறு கிலோ புல்லும் என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் குதிரைக்கு நாளொன்றுக்கு மூவாயிரம் கிலோ கொள்ளு. ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும் என்றால் முப்பது மாடுகள். பத்து நாளைக்கு முந்நூறு மாடுகள். அந்த மாடுகளும் தின்ன வேண்டும். 1812இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைந்த முதல் சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான குதிரைகளை இழந்தது பகைவரின் பீரங்கியால் அன்று. காயாத பச்சைப் பயிரைத் தின்றதாலும் மழையாலும்.

கதைக்குள் இந்தக் கணக்கையெல்லாம் எழுதச் சொல்கிறேனா? இல்லை. அப்படி எழுதினால் அது இராணுவக் களஞ்சியப் பதிவேடாகிவிடும். எழுதுபவனுக்கு இது தெரிந்திருந்தால் அவன் எழுதும் ஒரு வரியில் அது தெரியும். அந்த ஒரு வரிக்கு உதாரணம் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. 1344இல் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை இலங்கையின் மேற்குக் கரையில் சந்தித்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்குப் போக விரும்பினார். பாரசீகம் புரிந்த அந்த அரசன் அவருக்குப் பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தான். கூடவே நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தன் பரிவாரத்தில் பத்துப்பேர், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேர். அத்தோடு, அந்த வழியில் தண்ணீருக்குக் குறைவில்லை என்றும் ஒரு சொல் சேர்க்கிறார் இப்னு பதூதா. பயணம் செய்தவனுக்கு மட்டுமே எழுதத் தோன்றும் சொல் அது. பதினைந்து பேர் சுமந்தார்கள் என்று படித்ததும், அந்தப் பயணத்தை நாம் சந்தேகிக்காமல் கூடவே நடக்கத் தொடங்கிவிடுகிறோம்.

நமக்கும் இது தெரியாததல்ல. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். அதைப் பற்றி எங்கள் உம்மம்மாமார் சொல்லும்போது அரசியலைச் சொல்வதில்லை. எந்தப் பிள்ளை எந்தப் பையைத் தூக்கியது, பால்மா எங்கே தீர்ந்தது, எந்த ஊர்ப் படலையில் யார் செம்பில் தண்ணீர் கொடுத்தார், எங்கே செருப்பறுந்தது என்றுதான் சொல்வார்கள். முப்பது வருடங்களுக்குப் பிறகும் அந்த விபரங்கள் மாறுவதில்லை. கேட்பவர் நம்புவதும் அதனால்தான். பயணத்தின் உண்மை சுமையிலும் தண்ணீரிலும் இருக்கிறது என்பதைச் சொந்த வாழ்விலிருந்து அறிந்த ஒரு சமூகம், சரித்திரக் கதை எழுத உட்கார்ந்ததும் அதை மறந்து சாண்டில்யனின் குதிரையில் ஏறிக்கொள்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

சாண்டில்யனைக் குறை சொல்வதும் எளிது. கடலும் கப்பலும் அவரிடம் ஓரளவு பாரத்தோடு இருக்கின்றன. குதிரைதான் வெறும் வேகமாகிவிடுகிறது. கல்கி இதில் கவனமானவர். ‘பொன்னியின் செல்வ’னின் முதற் காட்சியில் வந்தியத்தேவன் ஏறிவரும் குதிரை நெடும்பயணத்தால் களைத்துப்போய் மெல்ல நடக்கிறது, அவனும் அதை விரட்டுவதில்லை. பிற்பகுதியில் குதிரைக்கு லாடம் கட்ட அவன் ஒரு கொல்லன் உலைக்களத்தில் நிற்க வேண்டியிருக்கிறது; அங்கேதான் கதையின் முக்கியமான வாளைக் காண்கிறான். குளம்பு தேய்வது கதையை நகர்த்துகிறது. இது கைதேர்ந்தவன் வேலை. ஆனால் அதே நாவலில் அரபியர்கள் எப்படி வருகிறார்கள்? ஈழத்துக் கரையோரம் கப்பலில் வரும் மூர்க்கர்களாக. குதிரை தமிழனுடையதாகிவிட்டது, அதைக் கொண்டுவந்தவன் முரடனாகவே நின்றுவிட்டான்.

நான் சொல்லவந்த விடயம் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நல்ல போர்க்குதிரை மண்ணில் விளைந்ததில்லை, கடலில் வந்தது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழி வந்த குதிரைகளைச் சொல்கிறது. மகாவம்சத்தின்படி அநுராதபுரத்தைக் கைப்பற்றி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட சேனனும் குத்திகனும் கடல்வழிக் குதிரை வணிகன் ஒருவனின் புதல்வர்கள். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் மந்திரியிடம் பொன்னைக் கொடுத்து அனுப்பியதே துறைமுகத்தில் வந்திறங்கிய குதிரைகளை வாங்கத்தான். நரி பரியான அற்புதத்தை விட்டுப் பார்த்தால், அரசின் கருவூலத்தையே அசைக்கும் அளவுக்குக் குதிரை விலையுயர்ந்தது என்ற பொருளாதாரச் செய்தி அக்கதையில் உட்கார்ந்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வணிகம் யார் கையில் இருந்தது என்பதை வஸ்ஸாஃப் விபரமாக எழுதியுள்ளார். கீஷ் தீவின் மலிகுல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தன் பங்காக ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியநாட்டுக்கு அனுப்புவதாக ஒப்பந்தம். பாரசீக வளைகுடாத் துறைகள் எல்லாவற்றிலுமிருந்து மொத்தம் பத்தாயிரம். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியனே பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் கோயில்களின் வருமானத்திலிருந்தும் தேவரடியார் மீதான வரியிலிருந்தும் வந்தது என்றும் அவர் சொல்கிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் மந்திரி. காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில். கோயில் வருமானம் பாரசீகக் கடலுக்குப் போய், அங்கிருந்து முஸ்லிம் மாலுமியின் மரக்கலத்தில் குதிரையாகத் திரும்பி, காயலில் இறங்கி, பாண்டியனின் லாயத்துக்கு நடந்து போயிருக்கிறது. ‘அவர்கள்’, ‘நாங்கள்’ என்ற கோட்டை இந்தக் குதிரையின் மேல் எந்த இடத்தில் கீறுவது?

1311இல் மாலிக் காபூர் கொண்டுபோன 5,000 குதிரைகள் என்று குஸ்ரோவும், 20,000 என்று பரணியும் கூறுகிறார்கள். எண்ணிக்கை எதுவாகவும் இருக்கட்டும். அவற்றில் பெரும்பாலானவை காயலில் நம்மவர்கள் இறக்கிக் கொடுத்த குதிரைகளாகவே இருந்திருக்க வேண்டும். பாண்டியன் படையில் முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள் என்பதையும், அவர்களுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது என்பதையும் குஸ்ரோவே பதிவுசெய்கிறார், சற்று இளக்காரமாக. விற்றவன் முஸ்லிம், பாண்டியனுக்காக ஏறிப் போரிட்டவனில் முஸ்லிம், பறித்துப் போனவன் முஸ்லிம். இத்தனையும் ஒரு குதிரையின் வாழ்நாளுக்குள் நடந்திருக்கக் கூடியவை. இராவுத்தர் என்ற சொல்லே குதிரைவீரனைக் குறிப்பது. அருணகிரிநாதர் மயில்மேல் வரும் முருகனையே இராவுத்தன் என்று அழைத்தார். சவாரி, லகான், சவுக்கு எல்லாம் பாரசீகத்திலிருந்து வந்து தமிழான சொற்கள். குதிரையின் தீனியையும் பராமரிப்பையும் நாவலிலிருந்து எடுத்துவிட்டால், அதோடு சேர்ந்து இந்த மனிதர்களும் போய்விடுகிறார்கள். எஞ்சுவது புழுதியோடு வரும் அந்நியக் குதிரைப்படை மட்டுமே. சுவெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ போன்ற பெரிய முயற்சியும் மாலிக் காபூரின் வரவிலிருந்தே மதுரையின் கதையைத் தொடங்குகிறது; காயலில் நங்கூரமிட்ட குதிரைக் கப்பலிலிருந்து தொடங்கும் மதுரையை இன்னும் ஒருவரும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

நம் எழுத்தாளர்கள் இதைப் பெருமைக் கதையாக மாற்றிவிடக்கூடும் என்ற பயமும் எனக்குண்டு. தீனியையும் முகாமையும் நேர்மையாக எழுதினால் பெருமை மட்டும் மிஞ்சாது. மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாம்கானி இப்னு பதூதாவுக்குச் சகலன். அவனோடு காட்டுவழியே மதுரைக்குப் போன பயணத்தை இப்னு பதூதா எழுதியிருக்கிறார். மரமும் நாணலும் அடர்ந்து எவரும் புகமுடியாத காடு. பெரியவன் சிறியவன் என்ற பேதமின்றிப் படையில் ஒவ்வொருவனும் கோடரி கொண்டுவர வேண்டும் என்பது கட்டளை. காலையிலிருந்து நண்பகல்வரை வெட்டுவது, கூட்டங்கூட்டமாகச் சாப்பிடுவது, மீண்டும் மாலைவரை வெட்டுவது. முகாமைச் சுற்றி நான்கு வாயில்களுடன் மரவேலி. இரவில் தீ. காவலாளி ஒவ்வொருவனின் கையிலும் ஒரு கட்டு மெல்லிய நாணல்; எதிரி வந்தால் அத்தனை கட்டுகளும் ஒரே நேரத்தில் எரிந்து இரவு பகலாகும். இந்தப் பக்கங்களுக்கு ஈடான ஒரு படைநடையைத் தமிழ் நாவலில் நான் வாசித்ததில்லை.

அடுத்த பத்தியிலேயே, காட்டில் பிடிபட்டவர்களின் தோள்களில் கூரிய கழுக்கள் ஏற்றப்படுவதையும், மறுநாள் காலை அதே கழுக்களில் அவர்கள் ஏற்றப்படுவதையும், அவர்களுடைய பெண்களும் குழந்தைகளும் கொல்லப்படுவதையும் அவர் எழுதுகிறார். இது எந்த அரசனிடமும் தான் காணாத இழிசெயல் என்றும், அதனாலேயே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் கூறுகிறார். சொந்தச் சகலனைப் பற்றி, அவன் உணவைத் தின்றுகொண்டு எழுதிய முஸ்லிம் பயணி அவர். ஆறு நூற்றாண்டுகளுக்குப் பிறகு நாம் அதைவிடக் குறைந்த நேர்மையோடு எழுத என்ன காரணம் இருக்கிறது?

கண்ணனூர்க் கொப்பம் போரையும் அவர் வழியாகவே அறிகிறோம். முற்றுகைக்குள்ளிருந்தவர்களிடம் பதினான்கு நாள் உணவே மிச்சம். உதவிக்கு வந்த படையினர் தலைப்பாகைகளை அவிழ்த்துக் குதிரைகளின் கழுத்தில் கட்டினார்கள். சாகத் துணிந்ததன் அடையாளம். அவர்கள் போய்ச் சேர்ந்தது உச்சிவேளை. மூன்றாம் வல்லாளனின் முகாமில் குதிரைகளை மேய விட்டுவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களைக் கள்வர்கள் என்று நினைத்து ஒழுங்கில்லாமல் வெளியே ஓடினார்கள். எண்பது வயது மன்னன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். ஒரு பெரிய அரசனின் முடிவு, அவனுடைய குதிரைகள் அந்த நேரம் புல் தின்றுகொண்டிருந்தன என்பதில் இருந்தது. வீரத்தால் வென்றோம் என்று நாம் எழுதினாலும், துரோகத்தால் தோற்றோம் என்று அவர்கள் எழுதினாலும் இந்தப் புல் கதையிலிருந்து காணாமற் போய்விடும்.

ஈழத்தைப் பொறுத்தவரை, நமது முதல் தமிழ் நாவலான சித்திலெப்பையின் ‘அஸன்பேயுடைய கதை’ (1885) எகிப்துக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையிலான பயணக் கதையாகவே பிறந்தது. பத்தாண்டு கழித்து திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை நாயக்கர் கால மதுரை, தஞ்சைக் களத்தில் எழுதினார். செங்கை ஆழியானின் ‘நந்திக்கடல்’ சங்கிலியனின் காலத்தைத் தொட்டது. மரபு இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாண அரசுக் காலக் கதைகளை எழுதும் இன்றைய இளைஞர்கள் நல்லூரிலிருந்து பூநகரிக்குக் குதிரையைத் தட்டிவிடும்போது, இடையில் கடல்நீரேரி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். குடாநாட்டின் பெருமிருகம் யானை. வன்னியிலிருந்து ஆனையிறவு வழியாக நடத்திவரப்பட்டு ஊர்காவற்றுறையில் கப்பலேறிய யானை. குதிரை இங்கே விருந்தாளி.

அந்த விருந்தாளியை இன்றும் பார்க்கலாம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழித்தோன்றல்கள் நெடுந்தீவில் காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. பழைய லாயத்தின் கற்தூண்களும் நிற்கின்றன. சுற்றிலும் கடல் என்பதால் வேலி தேவைப்படாத மேய்ச்சல் நிலம். ஆனால் அங்கிருந்து ஒரு குதிரையை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர வள்ளம் வேண்டும், அதைக் கட்டிவைக்கத் தெரிந்தவன் வேண்டும், குடிக்கக் கொடுக்க நன்னீர் வேண்டும். கோடை கடுமையாகும் ஆண்டுகளில் அவை தண்ணீரின்றிச் செத்துக் கிடப்பதை நெடுந்தீவார் கண்டிருக்கிறார்கள். சரித்திரக் கதை எழுத விரும்பும் ஒருவர் குறிகட்டுவானில் படகேறி ஓர் ஆவணி மாதத்தில் அங்கே ஒரு பகல் நின்றால், பத்து நாவல்களில் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

அந்த இளைஞருக்குப் பிரதியைத் திருப்பி அனுப்பியபோது ஏழு நாளை வெட்டும்படி மட்டும் எழுதவில்லை. மார்க்கோ போலோவின் ஒரு செய்தியையும் எழுதினேன். பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் வாங்கும் இரண்டாயிரம் குதிரையில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுக்கிறார்கள். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவன் எவனும் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும். வஸ்ஸாஃபும், இந்நாட்டில் குதிரையை நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்து, பின் பழக்காமலே ஏறி விரட்டுகிறார்கள் என்று குறைபட்டிருக்கிறார். நம் வணிகர்களைப் பற்றிய இந்தச் செய்தி நமக்கு உவப்பானதாக இராது. ஆனாலும் கீஷ் தீவிலோ ஹோர்முஸிலோ கப்பலேற வந்து, ‘நீ போகவேண்டாம்’ என்று தடுக்கப்பட்ட ஒரு குதிரை வைத்தியன் இருந்திருப்பான். அவன் எப்படியோ காயல் கரையில் வந்திறங்கினால் யார் யார் அவனுக்குப் பகையாவார்கள், பாண்டியனின் லாயத்தில் முதல் நாள் அவன் எதைக் காண்பான் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.